விட்டுப்போன ஊற்று

டெஸ்மண்ட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

முன்பக்கம் அந்தப் பூர்வகுடி ஊரே கூடி நின்றது. புது டயாலிசிஸ் மையத்தின் வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். குழியில் கங்காரு வால் வெந்துகொண்டிருந்தது. டார்வினிலிருந்து வந்த மேலதிகாரி அம்மாள் கையில் கத்தரிக்கோலோடு, டெஸ்மண்ட் எங்கே, டெஸ்மண்ட் எங்கே என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்கமாட்டாளா பின்னே? இந்த மையம் வந்ததே அவனால்தான். வாரம் முழுக்கச் சுகாதாரத் துறையில் உத்தியோகம். சனி ஞாயிறு தூரிகை. நடுநடுவே கான்பெராவுக்குப் போய் மந்திரிகளிடம் மல்லுக்கட்டு. சிறுநீரகம் கெட்டவர்களை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டவுனுக்கு ஏற்றி அனுப்பி, கடைசியில் பெட்டியில் வைத்துத் திருப்பித் தருகிறீர்களே, இதற்குப் பேர் வைத்தியமா என்று முகத்துக்கு நேரே கேட்டவன்.

அப்பேர்ப்பட்டவன் இப்போது முட்டியைக் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிறான்.

ஜனங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தொட்டிப் பக்கம் போன ஒவ்வொருத்தியும் அவனை ஒரு வார்த்தை சீண்டிவிட்டே போனாள். தொப்பை வெளியே தெரிகிறது, உள்ளே இழு என்றாள் ஒருத்தி. சாப்பாட்டை இங்கேயே கொண்டுவந்து தரட்டுமா என்றாள் இன்னொருத்தி.

கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று அதிகாரி அம்மாள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

அவன் கவலை வேறு. டவுனில் டயாலிசிஸில் கிடந்த கிழவி நாங்கலா இன்று வருகிறாள்.

வந்து பார்ப்பாள். பிடித்தால் இங்கேயே தங்குவாள். பிடிக்காவிட்டால் வந்த ஜீப்பிலேயே திரும்பிவிடுவாள். சர்க்காரின் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்க டவுனே போதும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டாள். டவுனில் சிகிச்சையில் கிடக்கும் மற்றவர்களும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தங்காவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். ஆள் வராத ஊருக்கு எந்திரம் எதற்கு என்று துறை அதைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.

அதற்காகத்தான் டெஸ்மண்ட் உள்சுவர் முழுக்க வரைந்தான். அவள் பிறந்த மண்ணின் பெரிய ஊற்றை வரைந்தான். அது அவள் குடும்பத்து ஊற்று. யார் ஊற்றை யார் வரைவது என்பதில் இங்கே யாரும் விளையாட முடியாது. ஆள் விட்டு அனுமதி கேட்டான். வரையட்டும் என்று ஒற்றை வார்த்தை வந்தது, அவ்வளவுதான். நேரில் போய் விவரம் கேட்கவும் வழியில்லை. மனைவியையும் அவள் தம்பி லெஸ்லியையும் துளைத்தெடுத்து, தெரிந்தவரை வரைந்து முடித்தான்.

ஜீப் வந்து நின்றது.

லெஸ்லி தொட்டியில் சாய்ந்துகொண்டு, வானத்தைப் பார்த்தபடி சேதி சொன்னான்.

"இறங்கிருச்சு மச்சான். நாடாவுக்குக் கீழ குனிஞ்சு உள்ள போயிருச்சு."

கத்தரிக்கோல் அம்மாள் என்ன ஆனாளோ தெரியாது. கிழவி ஊரில் விட்டுப்போயிருந்த நாய் எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவள் பின்னாலேயே நுழைந்தது. நாய் கூடாது என்று சொல்ல வந்த நர்ஸ் கிழவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.



லெஸ்லி போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சுவருக்கு முன்னால் கிழவி நின்றது நின்றபடி நிற்கிறதாம். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று ஒன்றும் பிடிபடவில்லையாம். மறுபடி ஓடிப்போய்ப் பார்த்தவன், திரும்புது, திரும்புது என்றான். போச்சு, எல்லாம் போச்சு என்று டெஸ்மண்ட் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

ஆனால் கிழவி வாசலுக்கு வரவில்லை. தொட்டியை ஒட்டிய ஜன்னலுக்கு வந்தாள். வெளியே பார்க்காமல், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் நாயிடம் பேச ஆரம்பித்தாள்.

"பெரிய ஊத்து சரியாத்தான் இருக்கு. பக்கத்துல சின்னதா ஒண்ணு இருக்கு, நான் பொறந்த எடம். அதை விட்டாச்சு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, பாவம், எப்படித் தெரியும்? இனிமே நான் இங்கதான் கெடக்கப் போறேன். நான் வராத நாள்ல இந்த ரூம் சும்மாதானே இருக்கும், அப்ப வந்து போட்டுடணும்."

நாய் வாலை ஆட்டியது.

வாசலில் ஒரே கூச்சல், கைதட்டல். யாரோ டவுனுக்குப் போன் போட்டு, எல்லாரும் மூட்டையைக் கட்டுங்கள் என்று கத்தினார்கள். அதிகாரி அம்மாளுக்கு மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவ்வளவு சத்தமாக யாரிடம் பேசினாள் என்று லெஸ்லியைக் கேட்டாள்.

"எங்கம்மா மருமகன்கிட்ட பேசுச்சு" என்றான் லெஸ்லி.

அதிகாரி அம்மாள் வாசல் வழியே அறையைச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. எப்படி இருப்பான்? இந்த ஜனங்களின் வழக்கப்படி, மாமியார் இருக்கிற கூரையின் கீழ் மருமகன் கால் வைக்கக் கூடாது. அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. அத்தனை மரியாதை.

தொட்டிக்குப் பின்னால் டெஸ்மண்ட் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கிக்கொண்டிருந்தான். அவன் மகளுக்கே கல்யாண வயது வந்துவிட்டது. இத்தனை காலத்தில் மாமியார் அவன் காதில் விழட்டும் என்று பேசியது இதுதான் முதல் தடவை.

அதுவும் குறை சொல்லி.