ஹார்லனின் முன்பெட்டி

மூடி திறக்கவில்லை.

ஹார்லன் சாவியிலிருந்த பொத்தானை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கட்டைவிரலால் அழுத்தினான்.

மூன்று டன் மின்சார டிரக், உறைந்த ஏரியின்மேல் ஒரு சிமிட்டலும் இல்லாமல் நின்றது.

மணி மூன்று நாற்பத்தெட்டு. நான்கு மணிக்கு மீன்பிடிப் போட்டி முடிந்ததென்று சங்கு ஊதும். அதற்குள் எடை மேசைக்கு வராத மீன், மீனே இல்லை.

ஹார்லனின் மீன் உள்ளே இருந்தது. மற்ற வண்டிகளில் எஞ்சின் இருக்கும் இடத்தில் இந்த வண்டிக்கு ஒரு பெட்டி. அதற்குள் பனியைப் பரப்பி, காலையில் பிடித்த டிரவுட் மீனை இளவரசனைப்போலக் கிடத்தியிருந்தான். நான் பார்த்தேன். கன்றுக்குட்டி அளவு. சரி, கன்றுக்குட்டியின் தலை அளவு. போட்டிப் பலகையில் முதலிடத்தில் இருந்த மீனைவிடக் கால் பவுண்டாவது கூடுதலாக இருக்கும்.

முப்பத்தொரு குளிர்காலமாக இந்தப் போட்டியில் பனியில் துளை போட்டு உட்கார்ந்தவன். ஜெயித்தவர்களின் பெயர்களைத் தூண்டில் கடைச் சுவரில் செதுக்கி வைப்பார்கள். அவன் பெயர் அங்கே ஏறியதே இல்லை.

காலையிலேயே எடை போட்டிருக்கலாம். ஆனால் கூட்டம் சேர்ந்த பிறகு, எல்லோர் கண்முன்னும் மூடி எழ வேண்டும், உள்ளே மீன் மின்ன வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மூடி எழுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாரும் தொடமாட்டார்கள். கட்டில் அகலத் தகடு, ஒரு முனகலோடு, அவசரமே இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஆசீர்வதிக்கக் கைகளை உயர்த்துவதைப்போல எழும். முதல்முறை பார்த்தபோது நான் தொப்பியைக் கழற்றினேன். என் நாய் உட்கார்ந்துவிட்டது. அதை உட்காரவைக்கப் பத்து வருடமாக முயன்று தோற்றவன் நான்.

கோளாறும் அங்கேதான். வண்டியை அணைத்துவிட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் மூடியைத் திறந்து திறந்து காட்டினான். என் கணக்குக்கு இருநூறு முறை. மற்றவர்கள் நாற்பது என்கிறார்கள். அவர்கள் மதியம் சாப்பிடப் போய்விட்டார்கள்.

வண்டியின் வயிற்றில் ஒரு பெரிய பேட்டரி. எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் விளக்குகள் அத்தனையையும் ஈஸ்டர்வரை எரிய வைக்கும். ஆனால் பூட்டுக்கும் மூடிக்கும் சோறு போடுவது அது இல்லை, பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு குட்டி பேட்டரி. வண்டி ஓடினால் பெரியது குட்டிக்கு ஊட்டும். அணைத்துவிட்டு விளையாடினால் குட்டி பட்டினி.

பட்டினி கிடந்த குட்டி இருந்ததும் அந்த மூடிக்கு அடியில்தான்.

"ஊருக்கே கரண்ட் குடுக்கும்னியேடா, ஒரு மூடியத் திறக்க மாட்டேங்குது!" என்றாள் எடை மேசையிலிருந்து மார்லிஸ். ஹார்லனுடைய சொந்த அக்கா. சங்கின் பொத்தான் அவள் கையில். "நாலுன்னா நாலுதான், தம்பி!"

ஒருவன் கடப்பாரையோடு வந்தான். ஹார்லன் மூடியின்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டான். அவன் கண்ணீர் தாடியில் உறைந்து சத்தம் போட்டதை நான் கேட்டேன்.

மூன்று ஐம்பத்திரண்டு.

வண்டியோடு வந்த நானூறு பக்கக் கையேட்டை ஹார்லன் பிரித்ததே இல்லை. இரவல் வாங்கி இரண்டு முறை படித்தவன் இந்த ஏரியிலேயே ஒருவன்தான். அவன் வாயைத் திறக்காமல் எட்டு நிமிடம் நின்றால் போதும், சங்கு ஊதிவிடும்.

எட்டு நிமிடம் வாயை மூடி நின்று எனக்குப் பழக்கமில்லை.

என் சறுக்குவண்டியை நோக்கி ஓடினேன். எழுபத்திரண்டு வயதில், பனியில், மான்போல. இரண்டு முறை விழுந்த மான்.

"நீ எதுக்கு வெர்ன் இந்தக் குதி குதிக்கிற? சும்மா நில்லேன்யா!" என்று மார்லிஸ் கத்தினாள்.

பனிக்கு அடியில் மீன் எங்கே நீந்துகிறது என்று காட்டும் கருவி என்னிடம் உண்டு. அதன் பேட்டரி சாப்பாட்டு டப்பா அளவு. அதுவும் பன்னிரண்டு வோல்ட். பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வண்டியின் முன்பம்பரில், உள்ளங்கை அளவு வட்ட மூடி ஒன்று. நகத்தால் நெம்பினேன். உள்ளே ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். கையேட்டில் இருநூற்றுப் பதினான்காம் பக்கம். சிவப்பைச் சிவப்பில் வைத்தேன். கறுப்பைக் கறுப்பில் வைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, எங்கோ ஆழத்தில், ஒரு 'டக்'.

முகப்பு விளக்கு ஒரு கோடாய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி எரிந்தது. ஹார்லன் பொத்தானை அழுத்தினான். ஒரு சாப்பாட்டு டப்பா, மூன்று டன்னை எழுப்பியது. முனகலோடு, அவசரமே இல்லாமல், மூடி எழுந்தது. கடப்பாரைக்காரன் கடப்பாரையைக் கீழே போட்டான். ஏரியில் இருந்த இருநூறு பேரும் மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் அந்தக் குளிருக்குப் புகையாகத் தெரிந்திருக்கும்.

உள்ளே பனிமேல் மீன் மின்னியது.

ஹார்லன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். மார்லிஸ் தட்டில் வைத்தாள், கண்ணாடியை மாட்டினாள், முள்ளை இரண்டு முறை பார்த்தாள்.

"ஆறு அவுன்ஸ் கூட," என்றாள் மெதுவாக. பிறகு சங்கை ஊதினாள்.

ஹார்லன் பலகைக்கு முன்னால் வந்து சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். என்னைப் பார்த்தான்.

"எழுதுடா," என்றேன். முதல் வரியில் காலையிலிருந்து இருந்த என் பெயரை என் கையுறையாலேயே துடைத்து அவனுக்கு இடம்விட்டேன்.