மடிப்புக்குள் ஒரு கிழிசல்

மாசிலாமணியின் வீச்சுவலை ஆற்றுக்குள் ஒரு பாறையில் மாட்டி, ஒரே ஒரு கண்ணி அறுந்துபோனது. பார்த்தால் புது வலை வாங்கிவிடுவார் என்று வலை பயந்தது. கொடியில் காயும்போதெல்லாம் கிழிசலை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டது.

"காட்டிடு. தச்சிடுவாரு" என்றன விளிம்பில் தொங்கிய ஈயக் குண்டுகள்.

"மாத்திட்டாருன்னா? நாளைக்கும் நான் ஆத்துல விழணும். விரிஞ்சு விழுறப்ப தண்ணி சுத்தி வந்து கட்டிக்குமே, அது இல்லாம என்னால இருக்க முடியாது."

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போனது. ஒருநாள் காலையில் பெரிய மடவை மீனொன்று வலையின் நடுவிலேயே புகுந்து வெளியே போய்விட்டது. மாசிலாமணி கரையேறி வலையை மடியில் விரித்தார். கிழிசலுக்குள் அவர் தலையே நுழையும்.

"தைக்க முடியாதாங்க?" என்றாள் மீன் கூடையோடு வந்த மனைவி.

"அன்னைக்கே கண்ணுல பட்டிருந்தா நாலு முடிச்சுல முடிஞ்சிருக்கும். இனி எதோட எதைச் சேத்துத் தைக்கிறது?"

ஈயக் குண்டுகளை அறுத்தெடுத்துப் புது வலையில் கட்டினார். பழையதை, கொடிக்குப் பக்கத்தில் இருந்த கீரைப்பாத்தியைக் கோழி கிளறாதபடி அதன் மேல் விரித்துப் போட்டார்.

மறுநாள் புது வலை கொடிக்கு வந்தது. ஈரம் சொட்டச் சொட்டக் குண்டுகள் கீழே பார்த்தன.

"தண்ணி எப்படி இருந்துச்சு?" என்றது பழைய வலை.

குண்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

"சரி, சொல்ல வேணாம். காத்தடிச்சா கொஞ்சம் இந்தப் பக்கமா ஆடுங்க. சொட்டுறது என் மேல விழட்டும்."