மீனை விடு

அவள் சூப்பை மேஜையில் வைத்தாள். கிழவர் கரண்டியைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"உன்னைத் திருடி என்று சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு, ஜெசிந்தா."

ஹைஃபாவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சூரியன் விழுந்தால் யோம் கிப்பூர். யூதர்களின் பாவநிவர்த்தி நோன்பு. மறுநாள் இருட்டும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அதற்குள், நோகடித்தவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். மனிதர் மன்னிக்காததில் கடவுளும் தலையிட மாட்டாராம்.

அவள் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

அவரைப் பார்த்துக்கொள்ள மார்த்தாண்டத்திலிருந்து வந்தவள். சாபா என்று கூப்பிடுவாள். அந்த ஊர்த் தாத்தா.

நாளை ஜெபாலயத்தில் யோனா தீர்க்கதரிசியின் கதையை வாசிக்கப்போவது அவர்தான். ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. ஞாயிறு பள்ளியில் தானும் படித்ததாகச் சொன்னாள். என்ன ஞாபகம் இருக்கிறது என்றார். பெரிய மீன் என்றாள்.

"மீனை விடு! எல்லாரும் மீனையே பிடித்துக்கொண்டு தொங்குங்கள். கப்பலைப் பார். புயல் என்னால்தான் வந்தது, என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்கிறானே, கதை அங்கே இருக்கிறது."

இப்போது அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

"இரண்டாவது தடவை கேட்கிறேன். என் மனைவி ரிவ்காவின் மோதிரத்தை நானேதான் எங்கோ தொலைத்திருப்பேன். நீ பைபிளைத் தொட்டு அழுதாய். நான் நம்பவில்லை. மன்னித்துவிடு."

ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் தீர்ந்தது.

அவள் தட்டைத் துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

தன் மகள் கல்யாணத்துக்கென்று அவளேதான் மோதிரத்தை எடுத்தது. ஊருக்கு அனுப்பவும் துணிச்சல் வரவில்லை, எடுத்த இடத்தில் வைக்கவும் துணிச்சல் வரவில்லை. பவுடர் டப்பாவுக்குள் கிடக்கிறது.

மூன்று தடவை கேட்டும் மன்னிக்காவிட்டால், மன்னிக்காதவர் தலையில் பாவம் விழும். அவர்கள் நம்பிக்கை அது. அவளுக்கு அப்படி நேர்ந்துவிடக் கூடாதென்று பயந்தாரோ என்னவோ, கிழவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நிற்க முடியாத மனிதர்.



"இரிங்க சாபா! எழும்பாண்டாம்!"

தமிழில்தான் கத்தினாள். ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்தார்.

அவள் தன் அறைக்குள் போனாள்.

நோன்புக்காகத் தெருவில் கடைசிக் காரும் ஓய்ந்தது.

திரும்பி வந்தபோது அவள் விரல்களெல்லாம் வெள்ளையாக இருந்தன.

கிழவர் மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.