இரண்டாவது பட்டை

எட்வின் எழுதிவைத்திருந்த சீட்டில் மிச்சமிருந்தது பதநீர் மட்டும்தான். தன் ஊரை மனைவிக்குச் சுற்றிக் காட்டுவதாகப் பதினோரு வருடம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, போன ஐப்பசியில் செத்துப்போனார். குளிரான மலையூரில் பிறந்து வளர்ந்த சுகிர்தா தனியாகவே வந்து, ஆற்றில் குளித்து, பாறை ஏறி, வெயிலில் முகம் கறுத்து, கடைசியாக பஸ் ஸ்டாண்டு ஓரத்துப் பதநீர்ப் பானைக்கு முன்னால் நின்றாள். பழக்கத்தில் "ரெண்டு" என்றாள். பதநீர்க்காரி பனையோலையைக் குவித்து மடித்த பட்டையில் நுங்கைப் போட்டு ஊற்றிக் கொடுத்தாள். கைக்கொன்றாக வாங்கிய பிறகு சுகிர்தாவால் எதையும் குடிக்க முடியவில்லை.

"ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் குடிக்க முடியும்மா. கீழ வச்சாலும் சாஞ்சிரும். இன்னொண்ணு யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அப்பம் இங்க கொண்டாங்க. அவுக வர்ற வரைக்கும் நான் பிடிச்சிருக்கேன்."

சுகிர்தா குடித்தாள். ஓலை வாசனையோடு தித்திப்பு தொண்டையில் இறங்கியது. நிமிர்ந்தபோது பதநீர்க்காரி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பட்டையை ஏந்தியபடி, கானல் நெளியும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தாவும் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.