சோதனைக்கு ஒரு கார்டு

“உங்க ஐசியப் போட்டுப் பாருங்க தம்பி. என்னுத எதுக்குக் கேக்குறீங்க?” என்றாள் கவுண்டரில் இருந்த உமாராணி.

“வீட்டுல வச்சிட்டேன்க்கா.” கணினியைச் சரிசெய்ய வந்த வசந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திகாம் பத்து என்ற அந்த ஊரின் கிளினிக்கில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். ஐசி என்கிற அடையாள அட்டையைச் செருகினால் பெயரும் முகவரியும் கணினியில் தானாக வர வேண்டும். அட்டையைப் படிக்கும் ரீடர் வாங்கி நான்கு நாளாயிற்று, எதுவும் வரவில்லை. சரிசெய்ய வந்த இரண்டு பேர் பார்த்துவிட்டுக் கைவிட்டுப் போனார்கள். இன்று சரிசெய்து கையெழுத்து வாங்கி வந்தால், பண்டார் பாரு வரை எல்லாக் கிளினிக் வேலையும் வசந்தனுக்குத்தான் என்று அவனுடைய கணினிக் கடை முதலாளி சொல்லியிருந்தார்.

“டிரைவர் இல்லக்கா. அதான் ஓடல.”

“பஸ்ல வந்த ஆளுக்கு டிரைவர் எங்கேர்ந்து இருப்பான்?” என்றார் முன்வரிசையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள்.

வரிசை சிரித்தது.

“இது கம்ப்யூட்டர் டிரைவரும்மா.”

“எந்த டிரைவரா இருந்தா எனக்கென்ன. சீக்கிரம் லா.”

உமாராணி தன் ஐசியை நீட்டினாள். “பஸ்லயா வந்தீங்க? லைசன்ஸ் இல்லியா?”

“எடுக்கணும்க்கா.”

வசந்தன் இணையத்திலிருந்து டிரைவர் மென்பொருளை இறக்கி ஏற்றினான். அட்டையைச் செருகினான். சிவப்பு விளக்கு சிமிட்டியது. அட்டையை உருவி, பென்சில் ரப்பரால் சிப்பைத் தேய்த்து மறுபடி செருகினான். சிவப்புதான்.

“இவனும் அவ்வளவுதான்,” என்றார் பிச்சையம்மாள்.

வசந்தன் விண்டோஸுக்குள் போய்ப் பட்டியலில் தேடினான். ஸ்மார்ட் கார்டு சேவை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கினான்.

பச்சை எரிந்தது. உமாராணியின் பெயர், முகவரி, படம்.

“அந்த மூஞ்சிய மூடுங்க தம்பி. பதினெட்டு வயசுல எடுத்தது.”

“இப்ப மட்டும் என்னா,” என்றார் பிச்சையம்மாள், தன் அட்டையை நீட்டியபடி. அதுவும் ஒரே மூச்சில் வந்தது. பதினொரு அட்டைகளும் வந்தன.

உமாராணி வேலை முடிந்ததற்கான படிவத்தை எடுத்தாள். “கெட்டிக்காரர்தான். பேரு வசந்தன். ஐசி நம்பர்?”

“போன்ல சொல்றேன்க்கா. கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

“நம்பர் இல்லாம போட்டா டாக்டர் சத்தம் போடுவார். நம்பர்கூடவா ஞாபகம் இல்ல?”

அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

“பாத்தீங்களா, பையிலதான் வச்சிருக்கீங்க. வீட்டுல இருக்குன்னு கதை விட்டீங்களே. படம் நல்லா இருக்காதுன்னு வெக்கமா? போடுங்க லா. நீங்க சரி பண்ணதுதானே, நம்பர் தானா வரும்.”

வசந்தன் ரீடரைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு பையிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தான்.

பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த ஒரு தாள். உமாராணி பிரித்தாள். பிறப்புச் சான்றிதழ். பிறந்த இடம் பக்கத்திலிருக்கும் மெர்போக். அடியில், ஒரு கட்டத்துக்குள், ‘குடிமகன் அல்லர்’ என்று மலாயில் அச்சாகியிருந்தது.

“ஐசி குடுக்கல, இதான் இருக்கு. இத எந்த ரீடரும் படிக்காதுக்கா,” என்றான்.