கறை பிடிக்காத கல்

வீட்டின் கீழ்த்தளத்தில் பார் கட்டிய சபேசன், கிளாஸ் வைக்கும் மேடைக்கென்று ஒரு கிரானைட் துண்டும் ஒரு தேக்குத் துண்டும் வாங்கி வந்தார். நண்பர் இன்னாசி இரண்டின் மேலும் ஈரக் கிளாஸை வைத்துப் பார்த்தார். தேக்கில் வட்டமாகக் கறை விழுந்தது.

"என்னை ஒரு துடை துடைத்தால் போதும்," என்றது கிரானைட்.

"என்மேல் பட்டது பட்டதுதான்," என்றது தேக்கு.

கிரானைட் மேடையானது. தேக்கு வெந்நீர் அடுப்புக்குப் போனது.

இரண்டு வருஷம் நண்பர்கள் அந்த மேடையில்தான் குடித்தார்கள். பிறகு ஈரல் கெட்டு இன்னாசி செத்துப்போனார்.

தனியாக இறங்கி வந்த சபேசன், இன்னாசி கிளாஸ் வைக்கும் இடத்தில் ஒரு வட்டமாவது இருக்கிறதா என்று தடவித் தடவித் தேடினார்.

"இருந்தால் காட்டமாட்டேனா?" என்று புலம்பியது கிரானைட்.

அவர் கண்ணீர் அதன்மேல் சொட்டியது. கை, பழக்கத்தில், அதையும் துடைத்துவிட்டது.