அழுகைக்குச் சிவப்பு

ஜெரின் கடைசியாக அழுதது எப்போது என்று ஷைனிக்கே மறந்துவிட்டது.

ஆட்டிசம் உள்ள நான்கு வயது மகனுக்காக, பயிற்சி மையத்துக்காரர்கள் கூடத்துச் சுவரில் கேமரா வைத்த ஒரு விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். அவன் அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்துப் பேசினால் பச்சை எரியும். அவள் அள்ளிக் கொஞ்சலாம். அழுதால் சிவப்பு, அது அணையும்வரை திரும்பியும் பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் அவள் குளியலறைக்குள் போய்த் தானும் அழுதாள். பிறகு அவனும் நிறுத்தினான், அவளும் நிறுத்தினாள்.

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். "அம்மா, இங்க வாங்க."

எட்டிப் பார்த்தாள். படுக்கையறை வாசலில், பாதிக் கதவு மறைக்க நின்று, அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சிரித்தான். விளக்கு பச்சை.

"வாறேன் மக்ளே, இந்தத் தோசைய எடுத்துட்டு."

அதே குரலில், அதே சிரிப்போடு மறுபடியும் கூப்பிட்டான். அடுப்பை அணைத்துவிட்டுப் போனபோதுதான் கண்டாள்: காற்றில் சாத்திக்கொண்ட கதவின் கீல் இடுக்கில் அவன் விரல்கள். நகம் கறுத்திருந்தது.

"ஐயோ!" கதவைத் தள்ளி விரல்களை விடுவித்து, அவனை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "நோவுதா மக்ளே? அழு. நல்லா சத்தமா அழு, அம்மா இருக்கேன்."

அவன் உதடு கோணியது. தொண்டையிலிருந்து கேவல் ஒன்று கிளம்பியது.

சுவரில் சிவப்பு எரிந்தது. ஷைனியின் கைகள் தாமாகவே தளர்ந்தன. அதை அவள் உணர்வதற்குள், ஜெரின் அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.